பிரசவமும் ஜனன மரணக் கணக்கும்

(தாமிரபர்ணிப் பாசனக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்காக அமைந்த பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கத்தின் வருஷாந்தப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் காது கொடுத்துக் கேட்கும் எண் ஒன்று உண்டு. அது வாய்தா தவறிய பாக்கியின் விகிதம். நூறு ரூபாய்க் கடனுக்குப் பத்து ரூபாய் தவறி நிற்கிறது என்றால் முகம் சுளிப்பார்கள். மூன்று ரூபாய் என்றால் காரியதரிசியை மெச்சுவார்கள். ஆனால் அந்த மூன்று எவ்வாறு வந்தது என்று கேட்கத் தெரிந்தவரே சங்கத்துக்கு உபயோகமான அங்கத்தினர். பாக்கியைப் பட்டியலில் ஏற்றாமல் விட்டாலும் விகிதம் குறையும்; கொடாத கடனைக் கொடுத்ததாக எழுதிக்கொண்டாலும் விகிதம் குறையும். மேலே நிற்கும் தொகையும் கீழே நிற்கும் தொகையும் இரண்டும் நேர்மையாக இருந்தாலன்றி விகிதம் என்பது வெறும் அலங்காரமே.

பேரேட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இன்னொரு கணக்கும் எளிதில் விளங்கும். கிராமத்தில் பிறந்தோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர், பிரசவத்தில் மாண்ட தாய்மார் எத்தனை பேர் என்ற கணக்கே அது. பிரசவ வைத்தியத்தில் வழங்கும் சொற்கள் பலவும் இக்கணக்கைச் சரியாக எழுதுவதற்காகவே வரையறுக்கப்பட்டவை. அச்சொற்களின் பொருள் வைத்தியருக்கு மாத்திரம் தெரிந்தால் போதும் என்பது பெருந்தவறு. வீட்டில் நடந்ததை முதலில் சொல்லுகிறவர் வீட்டுக்காரர். அவர் சொல்லுகிறபடியே புத்தகத்தில் ஏறுகிறது.

சென்னை மாகாணத்தில் ஜனன மரணப் பதிவுக்கெனத் தனிச் சட்டம் ஏற்பட்டது 1899-ஆம் வருஷத்தில். அக்காலத்தில் கிராம முன்சீப்பே இந்தப் புத்தகத்தை வைத்திருந்தார். வரி வசூல், சில்லறை வழக்கு, கால்நடைக் கணக்கு ஆகிய இத்தனைக்கும் நடுவே தலையாரி வந்து சொல்லும் பிறப்பு இறப்புக்களையும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். மரணத்துக்குக் காரணம் என்ற பத்தியில் பெரும்பாலும் ‘ஜுரம்’ என்றே விழுந்தது. பிரசவமான பத்தாம் நாள் கர்ப்ப ஸ்தானத்தில் விஷம் ஏறி மாண்டவளும் ஜுரம். மலேரியாவில் மாண்டவளும் ஜுரம். பழைய இந்திய மரணக் கணக்குகளில் ‘ஜுரங்கள்’ என்ற தலைப்பே மிகப் பெரியதாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் 1969-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒரே முறையை வகுத்தது. தமிழ்நாட்டில் 1980-இல் கிராம முன்சீப் பதவி ஒழிந்தபின், கிராமத்துப் பதிவு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. புத்தகம் கணினிக்கு மாறியும் விட்டது. ஆயினும் கணினியும் பிறர் சொன்னதைத்தான் எழுதும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். ஒன்பது மாதம் என்று படித்தவர்கள் திருத்துகிறார்கள். இருவர் சொல்வதும் சரியே. கடைசியாக மாதவிலக்கான முதல் நாளிலிருந்து எண்ணினால் கர்ப்ப காலம் 280 நாள். இருபத்தெட்டு நாள் கொண்ட மாதமாக எண்ணினால் அது சரியாகப் பத்து மாதம். வாரமாக எண்ணினால் நாற்பது வாரம். வைத்தியர்கள் வாரக் கணக்கையே கொள்ளுகின்றனர். நாளைக் குறிப்பதற்கு நேகலே என்ற ஜெர்மானிய வைத்தியர் பெயரால் வழங்கும் ஒரு சுலப வழி உண்டு: மாதவிலக்கான முதல் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 10-ஆம் தேதி என்றால் அக்டோபர் 17-ஆம் தேதி. அந்தத் தேதியிலேயே பிள்ளை பிறந்துவிடும் என்பதில்லை. 37 வாரம் நிறைந்தபின் 42 வாரத்துக்குள் பிறப்பது உரிய காலத்துப் பிரசவம். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிரசவம். குறைமாதமும் குறைந்த எடையும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பிறந்தபோது 2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளை, நாள் நிறைந்து பிறந்திருந்தாலும், எடை குறைந்த பிள்ளையே.

இந்தத் தேதியைக் குறித்துவைப்பதால் கிராமத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபர்ணிப் பிரதேசத்தில் பெய்த பெருமழையை மறந்தவர் யாருமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலே பிரயாணிகளோடு சிக்கிக்கொண்டது. கரையோரக் கிராமங்கள் பலவற்றுக்குப் பாதை அற்றுப்போயிற்று. அப்படிப்பட்ட நாளில் பேறுகாலம் நெருங்கிய பெண் எந்த எந்தத் தெருவில் இருக்கிறாள் என்ற பட்டியல் முன்னமே கையிலிருக்குமானால், ஆறு கரை ஏறுமுன் அவளை மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். தண்ணீர் வந்த பிறகு பட்டியல் எழுத முடியாது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் வசிக்கும் காணி மக்களுக்கோ வெள்ளமில்லாத நாளிலும் இதே நிலைமைதான். காட்டு வழி நடந்துதான் இறங்க வேண்டும். அங்கே இந்தத் தேதி ஓர் எண்ணன்று. கீழே இறங்கிவிட வேண்டிய நாள்.

அடுத்தது பிள்ளைத்தாய்ச்சியின் பழைய கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘உனக்கு எத்தனை பிள்ளை, தாயி?’ என்று கேட்டால், ‘இரண்டு’ என்று பதில் வருகிறது. உயிரோடு இருக்கும் பிள்ளைகளையே தாய் சொல்லுகிறாள். போனதைச் சொல்ல அவளுக்கு மனம் வருவதில்லை, சில வேளை அருகிலிருக்கும் மாமியாரும் சொல்லவிடுவதில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை இருக்கிறது. இரண்டாவது மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. மூன்றாவது எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. நான்காவது பிள்ளை இருக்கிறது. இப்போது மறுபடியும் கர்ப்பம். வைத்தியர் இதை எழுதும் முறையே வேறு: இது ஐந்தாவது கர்ப்பம், முன் நடந்த பிரசவம் மூன்று, கர்ப்பச் சிதைவு ஒன்று, உயிரோடு இருப்பது இரண்டு. ‘இரண்டு பிள்ளை’ என்ற பதிலில் எட்டாம் மாதத்துச் சாவு மறைந்துபோகிறது. அது ரத்தக் கொதிப்பால் நேர்ந்ததா, சர்க்கரையால் நேர்ந்ததா, வேறு எதனாலா என்று விசாரித்தாலன்றி இந்த முறையும் அதே வழியில் போகக்கூடும். மேலும் பல முறை பெற்றவளுக்குப் பிரசவத்துக்குப்பின் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தப்போக்கு உண்டாகும் அபாயம் அதிகம். ஆகையால் எத்தனை கர்ப்பம், எத்தனை பிரசவம் என்ற இரண்டு எண்களும் வைத்தியருக்கு வேண்டும். இந்த இடத்தில் கணவனும் மாமியாரும் சற்று விலகி நின்று, அவளைத் தனியே பேசவிடுவது நல்லது.

இப்போது கணக்கில் மிகவும் பிசகு நேரும் இடத்துக்கு வருகிறோம். பிறந்த பிள்ளை உயிரோடு பிறந்ததா, செத்துப் பிறந்ததா என்பதே அது. 1969-ஆம் வருஷத்துச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லுகிறது. கர்ப்பம் எத்தனை மாதமாயிருந்தாலும் சரி, தாயின் வயிற்றிலிருந்து முழுவதும் வெளிவந்தபின் மூச்சு விட்டாலோ, உயிர் இருப்பதற்கான வேறு அடையாளம் எதையேனும் காட்டினாலோ அது உயிர்ப் பிறப்பு. நெஞ்சு துடித்தது, தொப்புள்கொடி துடித்தது, கை கால் தானாக அசைந்தது, இவையெல்லாம் உயிரின் அடையாளங்களே. அழுதிருக்க வேண்டும் என்பதில்லை. 28 வாரமேனும் நிறைந்த கரு உயிரின் எந்த அடையாளமும் இல்லாமல் வெளிவந்தால் அது உயிரற்ற பிறப்பு; அதற்குத் தனிப் படிவம் உண்டு. வெகு முன்னதாகவே கலைந்துபோவது கர்ப்பச் சிதைவு.

கேட்பதற்கு இவ்வளவு எளிதாயிருக்கும் இது வீட்டில் எவ்வாறு நடக்கிறது? ஏழரை மாதத்தில் ஒரு பிள்ளை பிறக்கிறது. அரை மணி நேரம் மெல்ல மூச்சு விடுகிறது. பிறகு அடங்கிவிடுகிறது. வெளியே திண்ணையில் காத்திருக்கும் தகப்பனிடம் ‘பிள்ளை தங்கவில்லை’ என்று யாரோ சொல்லுகிறார்கள். அந்தியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்து குளிக்கிறார்கள். சில நாள் கழித்துக் கேட்டால், செத்துப் பிறந்தது என்கிறார்கள். அல்லது ஒன்றுமே சொல்வதில்லை. தாயின் துக்கத்தைக் கிளறக்கூடாது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால் கணக்கில் நேர்வது என்ன? இந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தது. ஆகவே ஒரு ஜனனமாக ஏற வேண்டும். பிறகு இறந்தது, ஆகவே ஒரு மரணமாகவும் ஏற வேண்டும். இரண்டும் ஏறவில்லை. செத்துப் பிறந்ததாக எழுதினால் சிசு மரணத்திலிருந்து ஒரு சாவு நீங்கிவிடுகிறது. எழுதாமலே விட்டால் அப்படி ஒரு பிள்ளை உலகத்துக்கு வந்ததே இல்லை. குறைமாதப் பிள்ளைக்குச் சூடு காக்கும் வசதி அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் உண்டா என்று கேட்கவேண்டிய கேள்வியும் கேட்கப்படாமலே போகிறது.

சிசு மரண விகிதம் என்பது ஒரு வருஷத்தில் உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளுக்கு, ஒரு வயது நிறையுமுன் இறந்த பிள்ளைகள் எத்தனை என்ற எண். 1943-இல் நியமிக்கப்பட்டு 1946-இல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டி, 1937-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் இது 162 என்று காட்டிற்று. அதாவது பிறந்த ஆறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு பிள்ளை ஆண்டு நிறைவைக் காணவில்லை. பதிவாகாதவற்றையும் சேர்த்தால் இன்னும் என்னவோ! தமிழ்நாட்டில் 1971-இல் 113 ஆயிருந்தது 2020-இல் 13-க்கு இறங்கிற்று. அதே 2020-இல் இந்தியா முழுமைக்கும் 28, கேரளத்தில் 6. அண்டை நாட்டிலே, மலைக்கு அப்பால் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் 6 என்றால், இங்கே 13 போதும் என்று எவரும் திருப்தியடைய முடியாது.

இந்த ஒரு வயதைப் பகுத்துப் பார்த்தால்தான் நோய் இருக்குமிடம் தெரியும். 28 நாள் நிறையுமுன் நேரும் சாவு பச்சிளஞ் சிசு மரணம். அதிலும் முதல் ஏழு நாளுக்குள் நேர்வது தனியே எண்ணப்படும். 28 வாரக் கர்ப்பத்திலிருந்து பிறந்த ஏழாம் நாள் வரையில் நேரும் சாவுகளை, உயிரற்ற பிறப்புக்களையும் உட்படக் கூட்டினால், அது பிரசவத்தை ஒட்டிய சிசு மரணம். இதற்கு மாத்திரம் கீழ்த்தொகையில் உயிரற்ற பிறப்புக்களையும் சேர்க்க வேண்டும். முன்காலத்தில் வயிற்றுப்போக்கும், மார்ச்சளியும், அம்மையும் மாதங்கள் சென்ற பிள்ளைகளைக் கொண்டுபோயின. தொப்புளை அரிவாளாலோ பழைய சவரக் கத்தியாலோ அறுத்ததால் வந்த இசிவு நோய் முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் கொண்டுபோயிற்று. சுத்தமான தண்ணீரும் தடுப்பூசியும் வந்தபின் அவை குறைந்தன. தாய் சேய் இசிவு நோயை இந்தியா அகற்றிவிட்டதாக 2015-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. இப்பொழுது மீந்து நிற்பது முதல் மாதத்துச் சாவு. 2020-ஆம் வருஷத்து இந்திய எண்ணாகிய 28-இல் 20 பச்சிளஞ் சிசு மரணம். இந்தச் சாவைக் குடிநீர்த் தொட்டி கட்டித் தடுக்க முடியாது; பிரசவ அறையிலும் அதற்கு முந்திய மாதங்களிலும்தான் தடுக்க முடியும். பணம் எங்கே செலவாக வேண்டும் என்பதைச் சொல்லுவது இந்தப் பகுப்புத்தான்.

தாய்மாரின் சாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பெண் கர்ப்பமாயிருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ, கர்ப்பத்தாலோ அதன் சிகிச்சையாலோ உண்டான காரணத்தால், அல்லது அதனால் முற்றிய பழைய நோயால் இறந்தால், அது பிரசவ சம்பந்தமான தாய் மரணம். கர்ப்பம் எந்த மாதத்தில் முடிந்தது என்பதும், பிள்ளை பிழைத்ததா என்பதும் இங்கே கேள்வியன்று. பாம்பு கடித்தோ பஸ் மோதியோ இறந்தவள் இதில் சேரமாட்டாள். 42 நாள் என்பது எங்கிருந்து வந்தது என்றால், கர்ப்பப்பையும் உடம்பும் பழைய நிலைமைக்குத் திரும்ப ஆறு வாரம் ஆகிறது என்பதிலிருந்து. நாற்பது நாள் தாயை வெளியே விடாமல் காக்கும் வழக்கத்தை வைத்திருந்த பாட்டிமார் இந்த எண்ணை வெகு நாள் முன்பே அறிந்திருந்தார்கள் போலும்.

மறைவது எங்கே என்றால் இரண்டு ஓரங்களிலும். மூன்றாம் மாதத்தில் கருக்கலைந்து ரத்தம் போய் மாண்டவள் ஓர் ஓரம். அவள் கர்ப்பமாயிருந்ததையே குடும்பம் வெளியிடுவதில்லை. பிரசவமாகி முப்பத்தைந்தாம் நாள் இருதய பலவீனத்தாலோ ஜுரத்தாலோ போனவள் மற்றோர் ஓரம். பிள்ளை நன்றாயிருக்கிறது, பிரசவம் சுகமாய் முடிந்தது, ஆகையால் இது பிரசவத்தோடு சேர்ந்ததன்று என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண் எவள் இறந்தாலும், அவள் கர்ப்பமாயிருந்தாளா, ஆறு வாரத்துக்குள் பிரசவமானவளா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் இரண்டு ஓரங்களும் அகப்பட்டுவிடும்.

சரியாக எழுதிய கணக்கு உயிரைக் காக்கும் என்பதற்கு வீயன்னா நகரத்து ஆஸ்பத்திரியின் சரித்திரமே சாட்சி. அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. 1846-இல் வைத்தியர்களும் மாணவர்களும் பார்த்த முதற்பகுதியில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் தாய்மார் மாண்டார்கள்; மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாவது பகுதியில் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. இரண்டுக்கும் தனித்தனிப் புத்தகம் இருந்ததனால்தான் ஸெம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியருக்கு இந்த வேற்றுமை கண்ணில் பட்டது. பிரேதத்தை அறுத்துச் சோதித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள் என்பதை அவர் கண்டுபிடித்து, 1847-இல் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். 1848-இல் முதற்பகுதியின் சாவு நூற்றுக்கு ஒன்றேகால் அளவுக்கு வந்துவிட்டது. கிருமிகளைப் பற்றி அப்போது யாரும் அறியார். அவரிடம் இருந்தது கணக்கு ஒன்றே. படித்த வைத்தியர் பகுதியில் சாவு அதிகம், மருத்துவச்சி பகுதியில் குறைவு என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக அவருடைய சக வைத்தியர்கள் அவரைக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் மாகாணத்திலும் எழும்பூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1930-களில் சென்னை நகரத்துப் பிரசவ மரணங்களின் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். போர் கமிட்டியிலும் அவர் அங்கத்தினர்.

அந்தக் கமிட்டி, பிரசவ சம்பந்தமாக இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,00,000 தாய்மார் இறந்தார்கள் என்றும், ஆயிரம் பிறப்புக்கு 20 தாய்மார் என்றும் மதிப்பிட்டது. பதிவுகள் நம்பத்தக்கனவாக இல்லாமையால் அது மதிப்பீடாகவே நின்றது. இக்காலத்தில் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு எத்தனை தாய்மார் என்று எண்ணுகிறார்கள். சாவு குறைந்ததால் ஆயிரத்துக்கு எண்ணினால் பின்னமாகிவிடும். 2018 முதல் 2020 வரையில் இந்தியாவுக்கு 97; தமிழ்நாட்டுக்கு 54; கேரளத்துக்கு 19. பழைய எண்ணை இந்த முறையில் எழுதினால் 2,000 ஆகும்.

இந்த எண்களை இரண்டாயிரம் ஜனங்கள் உள்ள ஒரு கிராமத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். முன்காலத்தில் ஆயிரம் ஜனத்துக்கு 40 பிறப்பு என்று கொண்டால் அக்கிராமத்தில் ஆண்டுக்கு 80 பிரசவம். ஆயிரத்துக்கு 20 தாய்மார் வீதம், இரண்டு வருஷத்தில் மூன்று தாய்மார் போவார்கள். அது ஊராருக்கு ஆச்சரியமே அன்று. பேறுகாலம் என்றால் மறுபிறப்பு என்ற பேச்சு அப்படித்தான் உண்டாயிற்று. 2020-இல் தமிழ்நாட்டின் ஜனன விகிதம் ஆயிரத்துக்கு 13.8. அதே கிராமத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 28 பிரசவம். லட்சத்துக்கு 54 என்றால் 1,850 பிரசவத்துக்கு ஒரு தாய். அக்கிராமம் அறுபத்தாறு வருஷம் காத்திருந்தால் ஒரு தாய் மரணம் நேரும்!

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, ஒரு கிராமத்துக்குத் தாய் மரண விகிதம் கணக்கிடுவதில் அர்த்தமில்லை. சிசு மரணத்துக்கும் அப்படியே. 28 பிரசவத்தில் ஒரு பிள்ளை இறந்தால் ஆயிரத்துக்கு 36 ஆகிறது, மறுவருஷம் ஒன்றும் இறக்காவிட்டால் பூஜ்யம். முதல் வருஷத்தில் கிராமம் கெட்டுப்போகவும் இல்லை, மறுவருஷம் திருந்தவும் இல்லை. பல கிராமங்களைச் சேர்த்தோ, பல வருஷங்களைச் சேர்த்தோ எடுத்தால்தான் விகிதம் பேசும். இரண்டாவது, அந்த ஒரு சாவு நேரும்போது அதை விகிதமாக நினைக்கலாகாது. அவள் யார், எந்த மணிக்கு வலி கண்டது, எப்போது புறப்பட்டாள் என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1994 முதல் இத்தகைய விசாரணை தொடங்கிப் பின்னர் 2004-இல் கட்டாயமாக்கப்பட்டது. ஜில்லா கலெக்டரும் இதில் பங்குகொள்ளுகிறார்.

விசாரணையில் மூன்று தாமதங்களைத் தேடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் தீர்மானிப்பதில் தாமதம். வண்டி கிடைத்துப் போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். 2008 முதல் 108 வண்டி வந்ததால் இரண்டாவது பெரிதும் குறைந்தது. மூன்றாவது சர்க்காரின் பொறுப்பு. அங்கே ரத்தம் இருந்ததா, வைத்தியர் இருந்தாரா என்று கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. முதலாவது முழுவதும் வீட்டினுடையது. மாப்பிள்ளை வெளியூரில் இருக்கிறார், அவரைக் கேட்டுச் சொல்லுகிறோம் என்று நிற்கும் ஒரு மணி நேரத்தில், பிரசவத்துக்குப்பின் ரத்தம் போகிறவள் பிழைக்கவும் கூடும், பிழையாமற் போகவும் கூடும். ரத்தக் குறைவுள்ளவளுக்கு அந்த ஒரு மணியும் கிடையாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பவதிகளில் பாதிக்குமேல், நூற்றுக்கு 52 பேர், ரத்தக் குறைவுள்ளவர்கள்.

அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தன என்று கண்டார்கள். இது பெருமைக்குரியது. நூற்றுக்கு 45 வயிறு அறுத்து எடுத்தவை என்றும் கண்டார்கள். இது பெருமைக்குரியதா என்பது வேறு விஷயம். தேவைப்பட்டவளுக்கு அது உயிர் காக்கும், தேவைப்படாதவளுக்கு அடுத்த பிரசவத்தையும் சிக்கலாக்கும். ஏன் வேண்டியிருந்தது என்ற காரணத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள எந்தக் குடும்பமும் கூச வேண்டியதில்லை.

ஊர்களையும் வருஷங்களையும் ஒப்பிடும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது இந்நாட்டு வழக்கம். சேரன்மகாதேவியில் வாழ்க்கைப்பட்டவள் ஆற்றூரில் பிரசவித்தால் பதிவு ஆற்றூர்ப் பக்கத்தில்தான்; நிகழ்ந்த இடத்தில் பதிவு என்பது சட்டம். ஆகையால் அவளுடைய நிரந்தர விலாசத்தைப் படிவத்தில் சரியாக எழுதாவிட்டால், சேரன்மகாதேவிக்கு ஒரு பிறப்பு குறையும். ஆஸ்பத்திரிச் சாவுகளிலும் இதே சிக்கல். பாளையங்கோட்டையில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு, பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரையில் முற்றிய கேஸ்களே வந்து சேருகின்றன. சாவு நிகழும் இடம் பாளையங்கோட்டை. பிறப்புக்கள் நிகழ்ந்தவை எங்கெங்கோ. அந்த மேல்தொகையை நகரத்துப் பிறப்புக்களால் வகுத்து, பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில்தான் சாவு அதிகம் என்று பேசுவது, சுற்றுக் கிராமங்களின் பாக்கியையெல்லாம் ஒரே சங்கத்தின் தலையில் எழுதுவதற்கு ஒப்பாகும். ஜில்லாவின் எல்லையும் மாறிவிட்டது. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்தபின், ‘திருநெல்வேலி ஜில்லா’ என்ற பெயரில் நிற்கும் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நிலத்தின் எண்களல்ல.

சங்கத்தார் செய்யக்கூடியது யாதெனில், நிர்வாகக் கமிட்டிக் கூட்டந்தோறும் கிராம சுகாதாரச் செவிலியையும் அங்கன்வாடி ஊழியரையும் கேட்டு, அந்த மாதத்தில் பிரசவமாக வேண்டியவர் எத்தனை பேர், பிரசவமானவர் எத்தனை பேர், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று பார்ப்பதே. பன்னிரண்டு பேர் எதிர்பார்க்கப்பட்டுப் பத்துப் பிள்ளை பதிவானால், மற்ற இரண்டு தாய்வீட்டுக்குப் போயினவா, சிதைந்தனவா, பதிவாகாமல் அடக்கமாயினவா என்று விசாரிப்பதற்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. பெயர்களைக் கூட்டத்தில் வாசிக்கக்கூடாது, எண்கள் போதும்.

பதிவுக்குக் காலம் 21 நாள். வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத் தலைவரும், ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பு வைத்தியரும் அறிவிக்க வேண்டும். ஓடும் வண்டியில் பிறந்தால் வண்டிக்குப் பொறுப்பானவர், வண்டி நிற்கும் முதல் இடத்தில் அறிவிக்க வேண்டும்; 108 வண்டியிலும் ரயிலிலும் பிள்ளைகள் பிறப்பதுண்டாதலால் இது நினைவில் வைக்கத்தக்கது. 21 நாள் தவறினால் 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். அதன்பின் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு வேண்டும்.

ஜோசியரைக் கேட்டு நல்ல எழுத்தில் பெயர் வைத்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று பலர் காத்திருக்கின்றனர். அது அவசியமன்று. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பின்னர் ஒரு வருஷம் வரையில் கட்டணமின்றியும், அதற்குமேல் கட்டணத்தோடும் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. பெயர் வைக்குமுன் இறந்துவிட்ட பிள்ளைக்கும் அப்படியே. அரை மணி நேரம் மூச்சு விட்டு ஆற்றங்கரைக்குப் போன அந்தப் பிள்ளையின் ஜனனத்தையும் மரணத்தையும், தாயின் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதி, அதன் பெயருக்குரிய பத்தியை வெறுமையாக விட்டு, இரண்டு படிவங்களிலும் பதிந்துவிடலாம்.